தொண்ணூற்றிரண்டு

அக்டோபர் 6, திங்கள்

ஒரு மருந்துக் கம்பெனி ஓசியில் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. "மனசுல ஓடுறதை எங்கயாவது இறக்கி வைங்க இசக்கி, பிரஷர் ஏறுது பாருங்க" என்று டாக்டர் மரகதவல்லி சொன்னதால் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் இறக்கி வைக்கலாம்தான். நம்பிராஜனுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. பாதி நாள் அரக்கோணத்தில் கிடப்பார், மீதி நாள் தூங்குவார்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. மூன்றாவது மாதம் நடக்கிறது. போன வருஷமும் நடந்தது, நிற்கவில்லை. கலைந்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மனுஷ செல்லுக்குள் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டும். அதில் தொண்ணூற்றிரண்டு இருந்தது. முழுசாக இரண்டு மடங்கு. அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் தங்காது.

இதில் கொடுமை என்னவென்றால், என் பிழைப்பே அந்த இரண்டு மடங்குதான். தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலிக் கருக்களை வைத்துக்கொண்டு, குரோமோசோம் இரட்டித்தால் கரு என்ன ஆகிறது, ஸ்டெம் செல் என்ன ஆகிறது என்று பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் வந்து, "மேடம், இதைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றது. ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கும். அன்றைக்கு அதன் காதைத் திருகலாம் போல இருந்தது.

இப்போது ஸ்கேனில் கழுத்துக்குப் பின்னால் நீர் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதாம். நஞ்சுக்கொடியில் ஒரு துளி எடுத்துப் பார்த்துவிடுவோம் என்கிறார் டாக்டர். புதன்கிழமை.

அக்டோபர் 8, புதன்

எடுத்தாயிற்று. ஊசியைப் பார்த்துவிட்டு நம்பிராஜன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் எனக்கு வைத்திருந்த ஜூஸை அவருக்குக் கொடுத்தாள்.

"எந்த லேபுக்கு அனுப்புவீங்க டாக்டர்?"

"வேற எங்க? உங்க வஹிதா மேடம்கிட்டதான். சென்னையில அவங்களை விட்டா யாரு?"

எனக்கும் வேறு யாரிடமும் நம்பிக்கை இல்லை. வஹிதா என்னோடு பாளையங்கோட்டையில் படித்தவள். மேலப்பாளையத்துக்காரி. இங்கே சொந்தமாகப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறாள். சனிக்கிழமைதோறும் அங்கே நான்தான் இரண்டாவது கண். அவள் போட்ட சட்டம் அது. ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், தனித்தனியாக எழுத வேண்டும், பிறகு சேர்ந்து உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்லைடில் பேர் இருக்காது, எண் மட்டும்தான். தெரிந்தவர்களுடையது என்றால் எண்ணுகிறவர் எழுந்து போய்விட வேண்டும்.

அவளுக்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. போன தடவை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு இல்லையென்று சொன்னது போதும். ஆஸ்பத்திரியில் என் பெயர் இ. நம்பிராஜன். வஹிதாவுக்கு நான் சுப்பையா மகள் இசக்கியம்மாள். ரிசல்ட் வருகிற வாரம் ஏதாவது சாக்குச் சொல்லி லீவு போட்டுவிடுவேன்.

அக்டோபர் 9, வியாழன்

செல்களுக்குத் தீனி மாற்றினேன். இரட்டித்த ஸ்டெம் செல்கள் தட்டில் ஜம்மென்று இருக்கின்றன. மற்றவற்றைவிடப் பெரிசு, கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். நரம்பாகு என்றால் நரம்பாகிறது. இதயமாகு என்றால் தட்டிலேயே துடிக்கிறது. தட்டில் இருக்கும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

குரோமோசோமை எண்ண வேண்டுமென்றால், செல் பிரிகிற நேரத்தில் ஒரு மருந்து போட்டு அதை அப்படியே நிறுத்த வேண்டும். அந்தப் பாட்டிலை ஒரு மாதமாக, கூட வேலை பார்க்கிற ஹென்றி என்னைத் தொட விடுவதில்லை. "நீங்க ஊத்துற ஊத்துக்கு பட்ஜெட் தாங்காது. நானே போட்டுக்கிறேன்" என்கிறார். இவர் அப்பன் வீட்டுப் பணம் பாருங்கள். என்னைவிட இரண்டு வருஷம் ஜூனியர். பேச்சு மட்டும் டைரக்டர் கணக்கு.

அக்டோபர் 12, ஞாயிறு

நெத்திலிக் குழம்பு வாசனை ஆகவில்லை. ரசம் வைத்தேன்.

நம்பிராஜன் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். "ரெண்டு மடங்குன்னா நல்லதுதானட்டி? எல்லாம் கூடுதலாத்தானே இருக்கு?"

"ரசத்துக்கு ரெண்டு மடங்கு உப்பு போடட்டுமா?"

"உப்பை மட்டும் போட்டா கெட்டுப்போகும். புளி, மிளகு, தண்ணி எல்லாத்தையும் ரெண்டு மடங்கு போட்டா?"

சிக்னல்காரருக்கு மூளை இருக்கிறது. கேள்வி சரியான கேள்விதான். ஒரே ஒரு குரோமோசோம் கூடினால் கணக்கு கோணுகிறது, புரிகிறது. எல்லாமே சமமாகக் கூடினால் ஏன் கோண வேண்டும்? தவளையும் மீனும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. நாமும் எலியும் தாங்குவதில்லை.

"அப்பவும் பாத்திரம் அதேதானே? பொங்கி வழியும்" என்று சொல்லி வைத்தேன். அது சரியான பதில் இல்லை. சரியான பதில் இருந்தால் எனக்கு எதற்குச் சம்பளம்?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. செல்லுக்கு ஏது தீபாவளி? எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு லேபுக்குப் போனேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்பதால் ஹென்றி தானாகவே டூட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அதிரசம் கொடுத்தேன். "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மூன்று தின்றார்.

வெளியே வெடிச்சத்தம். இன்குபேட்டர் கதவில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இதமான சூடு.

அக்டோபர் 24, வெள்ளி

வஹிதா போன் செய்தாள். "ஏட்டி இசக்கி, நாளைக்கு லீவுன்னு மெசேஜ் போட்டிருக்க? கொன்னுபோடுவேன். உனக்கு மாத்தாளா வார பிள்ளைக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில கிடக்கா. மூணு நஞ்சுக்கொடி ஸ்லைடு நிக்குது. மூணு தாய்மாரு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காளுவ."

வருகிறேன் என்றேன்.

மூன்றில் எது என்னுடையது என்று எனக்குத் தெரியாது. எண் தெரியாதவரை எல்லாம் அந்நியர் ஸ்லைடுதான். பேர் போடாமல் அனுப்புகிற முறையே அதற்குத்தானே? முறை சரியாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 25, சனி

காலையிலிருந்து அடைமழை. வஹிதாவின் கூடத்தில் ஈரம் பூத்துக் கிடந்தது. இதைக் குறிப்பாக எழுதுகிறேன், ஏனென்றால் ஈரத்துக்கும் நாங்கள் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தம் உண்டு. நிறுத்தி வைத்த செல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, உயரத்திலிருந்து கண்ணாடிமேல் சொட்டு விட வேண்டும். விழுந்த வேகத்தில் செல் உடைந்து, உள்ளே இருக்கிற குரோமோசோமெல்லாம் சிதறிப் பரவும். அதைத்தான் எண்ணுவோம். சில நேரம் இரண்டு செல் ஒரே இடத்தில் விழுந்துவிடும். அப்போது இரண்டு நாற்பத்தாறும் கலந்து தொண்ணூற்றிரண்டு போல ஏமாற்றும். புதிதாக வந்த பிள்ளைகள் எல்லாம் ஏமாறும். அதைக் கண்டுபிடித்துக் கழிப்பதில் நான் கெட்டிக்காரி என்று பேர்.

முதல் ஸ்லைடு சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் நாற்பத்தாறு நிறைய இருந்தது. நல்ல, அழகான செல்கள். நடுவில் அங்கங்கே கும்பல். பார்த்தாலே தெரிந்தது, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தவை. கழித்தேன். அடுத்ததும் அப்படித்தான். கழித்தேன். ஒரே ஆளின் சாம்பிளைத் தனித்தனியாக இரண்டு குடுவையில் வளர்ப்பார்கள். ஒரு குடுவையில் மட்டும் இரட்டிப்பு தெரிந்தால் அது வளர்ப்பின் கோளாறு, இரண்டிலும் தெரிந்தால் நிஜம். இரண்டாவது குடுவையிலும் கும்பல்கள். அவற்றையும் கழித்தேன். ஈரம்.

"நாற்பத்தாறு. இயல்பு" என்று எழுதி மூடினேன்.

பிரித்துப் பார்த்தபோது வஹிதா புருவத்தைத் தூக்கினாள். அவள் எழுதியிருந்தது, "நாற்பத்தாறோடு தொண்ணூற்றிரண்டு கலந்திருக்கிறது. இரண்டு குடுவையிலும்."

"என்னட்டி இது? நீ எப்பவும் என்னைவிடக் கறாரு. இன்னிக்கு என்ன இவ்ளோ தாராளம்?"

"ஒண்ணுமேல ஒண்ணு விழுந்திருக்கு. நல்லாப் பாரு."

"இத்தனையுமா?"

"மழையில்லா?"

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம், "சரி, சட்டப்படி மூணாவது ஆளு எண்ணட்டும். திங்கக்கிழமை ஹென்றி சாரை வரச் சொல்லுதேன்" என்றாள். ஹென்றியின் பேரும் அவளுடைய அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். பல நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பாடு. மனசு லேசாக இருக்கிறது.

கண்ணாடி பவர் மாற்ற வேண்டும்.

அக்டோபர் 27, திங்கள்

மத்தியானம் ஹென்றி வஹிதாவின் கூடத்திலிருந்தே கூப்பிட்டார். "கொஞ்சம் வர முடியுமா? ஒரு செல்லு காட்டணும்." போனேன். வஹிதா ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தாள். நாங்கள் இருவர்தான். மைக்ரோஸ்கோப்பில் அந்த மூன்றாவது ஸ்லைடு.

"இதை ரெண்டு செல்லுனு கழிச்சிருக்கீங்களா?"

"ஆமா."

"ரெண்டு செல்லுன்னா ஒண்ணு தடிச்சும் ஒண்ணு மெலிஞ்சும் இருக்கும். ரெண்டு வட்டம் தெரியும். இது எல்லாமே ஒரே பருமன், ஒரே வட்டத்துக்குள்ள. இதை எனக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதான்."

அவரே ஸ்லைடை நகர்த்தினார்.

"அடுத்தது பாருங்க. அதுவும் அப்படித்தான். ஒண்ணு ரெண்டு தப்பினா நானும் விட்டிருவேன். ஒவ்வொண்ணையும் கழிச்சிருக்கீங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுதா?" என்றார்.

"எது?"

"இசக்கி."

மனுஷன் அப்படி என் பேரை மேடம் போடாமல் சொன்னதே இல்லை. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்தார். நான் அழுதேன். இவர் முன்னாலா அழ வேண்டும் என்று தோன்றியது, ஆனாலும் அழுதேன்.

"எப்படித் தெரியும்?"

"ஆகஸ்டு கடைசியில கேன்டீன் காபியை நிறுத்தினீங்க. அந்தக் கழுநீரைப் பதினோரு வருஷமா விடாம குடிச்சவங்க நீங்க. அதான் அந்த மருந்துப் பாட்டிலை வாங்கிக்கிட்டேன். பிள்ளை வயித்துல இருக்கிறவங்க அதைத் தொடலாமா?"

நான் இத்தனை நாளாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹென்றி எழுதியது வஹிதா எழுதியதேதான். இரண்டுக்கு ஒன்று. ரிப்போர்ட் அப்படியே டாக்டருக்குப் போகும்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஹென்றி சொல்வதற்கு முன்னால் நானே வஹிதாவிடம் போனில் சொன்னேன்.

"நீ எழுதினதை நான் நம்பியிருந்தா?" என்றாள். "உன் மேல உள்ள நம்பிக்கையில ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துச்சுட்டி, நான்தான் தப்பா எண்ணிட்டேனோன்னு. அப்படியே ரிப்போர்ட் போயிருந்தா நீ இன்னொரு டெஸ்டே எடுத்திருக்க மாட்ட. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"இனி சனிக்கிழமை வராத. நான் சொல்லுத வரைக்கும் வராத." வைத்துவிட்டாள். உடனே திரும்பக் கூப்பிட்டாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மறுபடி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 30, வியாழன்

டாக்டரிடம் இருவரும் போனோம். மரகதவல்லி டாக்டர் நிதானமாகச் சொன்னார். "இது நஞ்சுக்கொடியோட நிக்குதா, பிள்ளை வரைக்கும் போயிருக்கான்னு இந்த டெஸ்டுல தெரியாது. பனிக்குடத் தண்ணியில பிள்ளையோட செல்லு இருக்கும், அதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் வளரணும். அதுவரைக்கும் காத்திருக்கலாம். இல்ல, இத்தோட போதும்னு நீங்க நினைச்சாலும் யாரும் தப்பு சொல்ல முடியாது. யோசிங்க."

ஆட்டோவில் நம்பிராஜன் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடையாறு பாலம் தாண்டியதும், "உன் எலி எல்லாம் என்னட்டி சொல்லுது?" என்றார்.

சொன்னேன். இரண்டு செல்லாக இருக்கிற எலிக் கருவுக்கு லேசாக மின்சாரம் கொடுத்தால் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். அதுதான் இரட்டித்த கரு. அதைத் தனியாக விட்டால் பாதி வழியில் நின்றுபோகும். அதோடு சாதாரண ஸ்டெம் செல்லைச் சேர்த்துவிட்டால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இரட்டித்தது வெளியே போய் நஞ்சுக்கொடியாகும். சாதாரணச் செல் உள்ளே குட்டியாகும்.

"யாரு சொல்லி அது வெளிய போகுது?"

"தெரியலை. மெதுவாப் பிரியுதுல்லா, முந்தினது உள்ள இடத்தைப் பிடிச்சுக்கிடும்னு சொல்லுதாங்க. முழுசா யாருக்கும் தெரியாது."

"அப்ப நம்ம பிள்ளைக்கும் அது வெளியதான் நிக்கும்?"

"பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

பதினோரு வருஷத்தில் எத்தனை கட்டுரையில் அந்த வார்த்தையை எழுதியிருப்பேன்! அதற்கு அர்த்தம் ஒருத்தரும் கேட்டதில்லை.

காத்திருப்போம் என்று முடிவு. நான் சொன்னேன், அவர் சரியென்றார். பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 1, சனி

சனிக்கிழமை வேலை போனதால் லேபிலேயே இருந்தேன். இரட்டித்த கருக்களில் சிவப்பாக ஒளிர்கிற மரபணுவை முன்பே வைத்திருக்கிறோம். அவை எங்கே போனாலும் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். சாதாரணச் செல்லோடு சேர்த்து, வளர்ப்புத் தாய் எலிகளுக்குள் வைத்தோம். ஹென்றி தையல் போட்டார்.

நவம்பர் 6, வியாழன்

வெளியே மழை, உள்ளே வேட்டி காயவில்லை என்று நம்பிராஜன் புலம்பல். மொட்டை மாடிக் கொடி அறுந்துவிட்டது. இட்லி மாவு புளிக்கவேயில்லை.

நவம்பர் 12, புதன்

பனிக்குடத் தண்ணீர் எடுத்தார்கள். இந்தத் தடவை நம்பிராஜன் சுவரைத் தேடவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் திரையையே பார்த்தார். ஊசி வருவது தெரிந்த மாதிரி பிள்ளை ஓரமாக ஒதுங்கியது. "ஏ, பாத்துட்டு பாத்துட்டு" என்று சத்தம் போட்டுவிட்டார். டாக்டர் சிரித்துவிட்டார்.

எடுத்த தண்ணீர் வஹிதாவிடம்தான் போகிறது. அவளும் ஹென்றியும் எண்ணுவார்கள். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

எலித் தாய்களுக்குச் சிசேரியன். தானாகப் பிரசவம் ஆனால் நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும், எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

கறுப்பு அறையில் விளக்கைப் போட்டுப் பார்த்தோம். நஞ்சுக்கொடிகள் எல்லாம் செக்கச் செவேல் என்று ஒளிர்ந்தன. குட்டிகளில் சிவப்பே இல்லை. வரிசையாக ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். இல்லை, இல்லை, இல்லை என்று வாய்விட்டே எண்ணினேன்.

கடைசிக்கு முந்தின குட்டிக்கு முதுகில், வாலுக்குக் கொஞ்சம் மேலே, கடுகத்தனை சிவப்பு.

"அது வேற ஏதோ வெளிச்சம். கையுறை பட்டிருக்கும்" என்றேன்.

ஹென்றி குட்டியைத் துடைத்துவிட்டு மறுபடி விளக்கில் வைத்தார். சிவப்பு அங்கேயே இருந்தது. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்க" என்றேன். "ஒரு குட்டியில சிறு அளவுல இருக்குன்னு எழுதுங்க."

எழுதினார். அந்தக் குட்டியும் மற்றவற்றோடு சேர்ந்து நெளிந்துகொண்டு மாற்றுத்தாயிடம் பால் குடித்தது. அது பிழைக்குமா என்று நாளைக்குத் தெரியும், நாளை மறுநாள் தெரியும். பெரும்பாலும் என்றால் இதுதான் என்று நம்பிராஜனிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

குட்டி இருக்கிறது. எடையும் போட்டிருக்கிறது.

எனக்குள்ளே மீன் துள்ளின மாதிரி ஒரு புரளல். வாயுவாக இருக்கும்.

நவம்பர் 25, செவ்வாய்

வாயு இல்லை.

நவம்பர் 29, சனி

புயல் சின்னம், கனமழை, பள்ளிக்கூடம் லீவு. பதினொரு மணிவாக்கில் காலிங் பெல் அடித்தது. வஹிதா. குடை மடங்கிப்போய், முக்காடு நனைந்து, கையில் ஒரு டிபன் கேரியரோடு நின்றாள்.

போனில் சொல்லாமல் நேரில் வந்திருக்கிறாள் என்றதும் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். நம்பிராஜன் சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றார்.

"என்னட்டி பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட? எல்லாம் நாப்பத்தாறு."

எனக்குக் காது கேட்டது, புரியவில்லை.

"ரெண்டு குடுவையும். நானும் ஹென்றி சாரும் தனித்தனியா எண்ணினோம். உன்னை மாதிரி ஒண்ணையும் கழிக்கலை. கண்ணுல பட்டதை எல்லாம் எண்ணினோம். ஒண்ணுகூட ரெண்டு மடங்கு இல்ல. உன் கெட்டது எல்லாம் நஞ்சுக்கொடியோட நின்னுபோச்சு."

"கெட்டதுன்னு சொல்லாத. அதுதானே சோறு போடுது" என்றேன். அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவளும் என் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "யா அல்லாஹ், எங்கிட்டகூடச் சொல்லாம இருந்திருக்கியே, பாவி மவளே" என்று முதுகில் இரண்டு அடியும் வைத்தாள். அதைச் சொல்லி அடிக்கத்தான் நேரில் வந்தாளாம். கேரியரில் தாளிச்சாவும் நெய்ச்சோறும்.

நஞ்சுக்கொடி கலப்படமாக இருப்பதால் பிள்ளை எடை ஏறுகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும், அதையும் சொன்னாள். பார்ப்போம். அது பார்க்கக்கூடிய கவலை.

அவள் போனபிறகு நம்பிராஜன் பாத்திரம் கழுவினார். நான் துடைத்து வைத்தேன். ஒரு தட்டையே ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, குரோமோசோமை எண்ணுதவங்களுக்கு ஆணா பொண்ணான்னும் தெரியுமா?"

"தெரியாம எப்படி? கடைசி ரெண்டும் அதுக்குத்தானே இருக்கு. வெளிய சொன்னா ஜெயிலு."

"அப்ப வஹிதாவுக்குத் தெரியும். ஹென்றி சாருக்கும் தெரியும்."

"தெரியும்."

தண்ணீரை நிறுத்தினார். சிக்னல்காரர். எந்தத் தண்டவாளம் எங்கே போய்ச் சேரும் என்று பார்த்துப் பழகினவர்.

"அன்னிக்குச் சனிக்கிழமை மொதல்ல எண்ணினது நீதானே."

அதை இந்த டைரியில் நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. மூன்றாவது ஸ்லைடில் முதலில் கண்ணில் பட்டது கும்பல் இல்லை, ஒரு நல்ல செல். நாற்பத்தாறையும் நிதானமாக எண்ணினேன். ஒன்பதாவது குரோமோசோமில், என்னுடையதில் இருக்கிற அதே தீங்கில்லாத தலைகீழ்த் துண்டு. கடைசி இரண்டையும் பார்த்தேன். அதுவரைக்கும் அது வெறும் சாம்பிள், ரிசல்ட், மூன்றாவது மாதம். அந்த நிமிஷம் யாரென்று தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டபிறகு, அடுத்து வந்த தொண்ணூற்றிரண்டை நான் எந்தக் கையால் எழுதுவேன்?

"ஆமா, எனக்குத் தெரியும்" என்றேன்.

"சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"மூஞ்சியிலயும் காட்டாத. ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்னு எனக்கு ஆசை. நீ தெரியாத மாதிரி இரு."

"இருக்கேன்."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேராவது யோசித்து வைப்போம் என்றார். ஆண் பேர் கொஞ்சம், பெண் பேர் கொஞ்சம், மாற்றி மாற்றிச் சொன்னார். ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்திருக்கிறார் போல. போன வருஷத்துப் பேர் ஒன்றும் அதில் இல்லை. நான் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி "உம்" போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு பேருக்கு மட்டும் "உம்" வெளியே வரவில்லை.

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மழை விட்டுட்டு போலிருக்கு" என்றார்.

மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது.